எதிராளியின் நாற்பது குடம்

கல்யாணமான மறு வருடம் என் வீட்டுக்காரருக்குச் சிலம்ப ஆசை வந்தது. பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த வாத்தியார் ஒருவர், சாயங்காலமானால் எங்கள் ஊர்க் களத்தில் ஆட்களை நிறுத்திக் கம்பு சுற்றச் சொல்லிக்கொடுத்தார். இவரும் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு போய் நின்றார். அன்றோடு கிணற்றில் தண்ணீர் சேந்துவதை விட்டுவிட்டார்.

அதுவரை சேந்துவது அவர், சுமப்பது நான். கிணறோ, எட்டிப் பார்த்தால் நம் முகம் நமக்கே அடையாளம் தெரியாத ஆழம்.

“தண்ணி சேந்துனா தோளு இறுகிப்போயிரும் புள்ள. அப்புறம் கம்பு சொன்ன பேச்சு கேக்காது. மாரியாத்தா பண்டிகைக்கு நல்லம்பள்ளிக்காரனோட ஆடப்போறேன், வெளையாட்டா?”

“வாத்தியாரு சொன்னாருங்களா?”

“இதக்கூட அவரு சொல்லணுமா?”

பதினைந்து நாள் நானே சேந்தினேன். உள்ளங்கை கொப்புளித்து, சோறு பிசையக்கூட முடியவில்லை. அதற்குமேல் பொறுமை இல்லை.

எங்கள் பக்கத்து ஆட்டத்தில் கம்பு நுனியைக் கரிக்குழம்பில் தோய்த்துக்கொள்வார்கள். எதிராளி மேல் பட்டால் கறுப்பாகப் பொட்டு விழும். யார் மேல் பொட்டு அதிகமோ அவர் தோற்றார். நெற்றியில் விழுந்துவிட்டால் எண்ணவே வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்.

ஒருநாள் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தேன். பானையை இறக்கி, அது நகராமல் இரண்டாகப் பிரிந்த கவைக்கோலை மாட்டி, அதை இரண்டு பாதத்தாலும் அமுக்கிக்கொண்டு, களிக்கோலால் இடுப்பு நோகக் கிண்ட வேண்டும். இவர் வாசற்படியில் நின்று கம்பைச் சுழற்றிக்கொண்டே என் காலைப் பார்த்தார்.

“நிக்கறதப் பாரு. வாத்தியாரு பாத்தா சிரிப்பாரு.”

“அவரு நிக்கறதே இந்தக் களியத் தின்னுதானுங்க. இந்தக் கோலால உங்க நெத்தியில ஒரு பொட்டு வெச்சுட்டா நீங்க தண்ணி சேந்துறீங்களா?”

“வருசம் பூராச் சேந்துறேன். வா, வா!”

கம்பைத் தலைக்குமேல் ஓங்கினார். அது நிலைப்படியில் மாட்டிக்கொண்டது. என்னவென்று அவர் அண்ணாந்து பார்த்த நேரத்தில் களிக்கோல் போய் நெற்றியில் உட்கார்ந்தது. சுடச்சுட, எலுமிச்சம்பழம் அளவு.

“ஐயோ ஆத்தா!”

ஆத்தா, அதாவது என் மாமியார், உள்ளேயிருந்து வந்து மகன் முகத்தைப் பார்த்தார். “டேய், பொட்டு வெச்சுட்டாடா! போயி கயித்த எடு.”

எடுத்தார். பண்டிகை வரைக்கும் தினமும் சேந்தினார். நான் குடத்தோடு பக்கத்தில் நின்று, “காலை அகட்டுங்க, வாத்தியாரு பாத்தா சிரிப்பாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பண்டிகையில் ஆட்டம் நன்றாகவே நடந்தது. கடைசியில் தாமே ஜெயித்ததாக நினைத்து, நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். அவர் திரும்பத் திரும்பச் சனம் சிரித்தது. வேட்டியின் பின்பக்கம், உட்காரும் இடத்தில், கச்சிதமாக ஒரு கரிப்பொட்டு. அந்த ஒன்றில்தான் தோற்றிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. “கம்பும் வேணாம், கயிறும் வேணாம்.”

வருசம் பூராச் சேந்துறேன் என்ற வாக்கும் போர்வைக்குள் போய்விட்டது. கம்பு போனால் போகட்டும், கயிறு போனால் என் கை என்னாவது? வாயில் வந்ததைச் சொன்னேன்.

“ஏங்க, நல்லம்பள்ளிக்காரரு தெனமும் நாப்பது குடம் சேந்துறாராமே. அதான் அந்தத் தோளாமே.”

போர்வை அசைந்தது. “யாரு சொன்னா?”

“சந்தையில பேசிக்கிட்டாங்க.”

அன்றைக்கு எங்கள் வீட்டுத் தொட்டி வழிந்து, கோழிகளெல்லாம் கூரைமேல் ஏறிவிட்டன.

அதிலிருந்து வருடா வருடம் பண்டிகையில் இரண்டு பேரும் ஆடினார்கள். ஒரு வருடம் இவர், ஒரு வருடம் அவர். எனக்கு யார் ஜெயித்தாலும் தண்ணீர் வந்தது.

நாலைந்து வருடம் போயிருக்கும். பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலுக்கு உட்கார்ந்திருந்தேன். கூடையில் சேவலோடு ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பண்டிகையில் பார்த்த முகம். நல்லம்பள்ளிக்காரரின் பெண்சாதி.

“உங்க வூட்டுக்காரரு தெனமும் அம்பது குடம் சேந்துறாராமேங்க்கா?” என்றாள். “அதக் கேட்டுட்டு எங்காளு அறுபது சேந்துறாரு.”

“யாரு சொன்னாங்க அவருகிட்ட?”

அவள் சேவலைத் தடவிக்கொடுத்தாள். “நாந்தான்.”

அந்த ரயில் எப்போது வந்தது, எப்போது போனது, இரண்டு பேருக்கும் தெரியாது. அடுத்த ரயிலுக்குள் மிச்சத்தையும் பேசி முடித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் சாதாரணமாகத்தான் சொன்னேன்.

“அந்தாளு இப்ப ஆட்டுக்கல்லுல மாவாட்டுறாராமுங்க. மணிக்கட்டுக்கு நல்லதாம்.”

இவர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஆட்டுக்கல்லைக் கழுவ ஆரம்பித்தார்.