சோற்று வரிசையில் ஒரு சிரிப்பு

போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் ஒருவர் நின்றார். சாய்ந்தமருதில் கரைவலை இழுக்கும் ஆதம்பாவா.

"மாஸ்டர், பேப்பர்ல வாற படமெல்லாம் வெட்டி ஒட்டி வெச்சிரிக்கீங்களாமே... மெய்தானா?"

மெய்தான். என் அல்பத்தைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பத்தியிலேயே எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன்! ஓவியங்கள், மனதில் தைத்த கவிதை வரிகள், யாரோ எழுதிய கதையில் ஒரு துண்டு... கண்ணில் பட்டதையெல்லாம் ஒட்டிவிடுவேன். கடைசிப் பக்கங்களுக்குச் 'சமூகம்' என்று தலைப்பு. அரிசி விலை, ஆஸ்பத்திரிக் குறைகள், வெள்ளம்...

ஆதம்பாவா தேடி வந்தது வெள்ளத்தை.

"வெள்ளத்துக்குப் பள்ளிக்கூடத்தில தங்கியிருக்கக்குள்ள ஒரு ஆள் வந்து படம் புடிச்சவரு. என்ட மகள் சபியாவும் சோத்து வரிசையில நிண்டவள். பொறகுதான் காய்ச்சல் வந்து..."

அந்தக் காய்ச்சலிலேயே பிள்ளை கண்ணை மூடி மௌத்தாகிவிட்டாள். வேறு படம் ஏது? கல்யாணத்துக்கே படம் எடுக்காத வீடுகள் இவை.

பக்கத்தைத் திறந்து வைத்தேன். அவர் விரல் நேராகப் போய் நின்றது — தகரத் தட்டோடு கமராவைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு சிறுமி மேல்.

"பசியோட நிண்டும் சிரிக்காள், பாருங்க மாஸ்டர்."

அவர் விரல் படத்துக்குக் கீழே இருந்த வரிக்கு இறங்கியது.

"கீழ என்ன எழுதியிரிக்கி?"

"சோற்றுக்காகக் காத்திருக்கும் மக்கள்."

"பேரு போடல்லியா?"

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு படம். அரிசி மூட்டை கொடுக்க வந்த பெரிய மனிதர்கள். இடமிருந்து வலமாக, பட்டம் பதவியோடு, ஒரு பெயரும் விடுபடவில்லை. கொடுப்பவருக்குப் பெயர் உண்டு. வாங்குபவர் வெறும் 'மக்கள்'!

"வெட்டித் தாறன், கொண்டு போங்க."

"வேணாம் மாஸ்டர். ஊட்டுக்குள்ள இருந்தா அவள்ட உம்மா இதையே பாத்துக்கிட்டு இரிப்பா. சோறு தண்ணி எறங்காது. இஞ்சயே இரிக்கட்டும். பேர மட்டும் எழுதி உடுங்க."

எழுதினேன். சபியா.

அவர் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"இது உதுமாலெவ்வைட பொஞ்சாதி. பக்கத்தில, தம்பிலுவில் ஊர்க் கண்ணம்மாக்கா. எழுதுங்க..."

ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல எழுதினேன். வரிசையின் கடைசியில் ஒரு பெண். முக்காட்டுக்குள் பாதி முகம், தோளில் கைக்குழந்தை.

"இவ ஆரெண்டு தெரியா மாஸ்டர்."

அந்த இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அன்று பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்கள் இதைப் படிக்கிறீர்களா? அவர் யார் என்று சொல்லுங்களேன்!