இலையும் தின்னாதவள்

அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். பேர் சொல்ல வந்த தாய்மாமன் இருந்தார். அப்பாவின் அக்கா, என் அத்தை, அடுப்படியில் இருந்தாள். டாக்டரய்யா வீட்டம்மா நாற்காலியில் இருந்தார். நாற்காலி பக்கத்து வீட்டுக் காம்பராவில் இரவல் வாங்கியது. நான் வாசல்படியில். ஆக ஆறு பேர். முப்பது நாளான தங்கச்சி தொட்டிலில் கிடந்தாள். பல் இல்லாதவளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம் அது, வரிசையாக ஒற்றை அறை வீடுகள். கூப்பனுக்குக் கிடைத்த மாவும் அரிசியும் குறைந்துபோன வருஷம். மரவள்ளி இலை, பலாக்கொட்டை என்று எது வெந்ததோ அதைத் தின்றோம். அந்த மாதம் எங்கள் லயத்தில் ஒரு கைக்குழந்தை போய்விட்டது. அம்மாவுக்கும் பால் போதவில்லை. தங்கச்சி அழுதால் பூனைக்குட்டிச் சத்தம்தான் வரும்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிறவரைத்தான் நாங்கள் டாக்டரய்யா என்போம். அவரும் வீட்டம்மாவும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். பிரசவத்தன்று அந்தம்மாதான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அதனால் பேரையும் நீங்களே சொல்லுங்கள் என்று அப்பா கேட்டிருந்தார். அவர் "அபர்ணா" என்றார். அம்பாள் பேர். கேட்க அழகாக இருந்தது.

தாய்மாமன் பிள்ளையின் காதில் மூன்று தரம் சொன்னால்தான் அது பேர். சொன்னபின் மாற்றக் கூடாது. மாமா குனிந்தார். சொல்லாமல் நிமிர்ந்தார்.

"அர்த்தம் என்னாங்கம்மா? தெரியாம எப்புடிச் சொல்றது?"

அந்தம்மாவுக்குச் சந்தோஷம். "சிவபெருமானைக் கலியாணம் கட்டவெண்டு அம்பாள் தவம் இருந்தவ. முதல் சோத்தை விட்டவ. பிறகு பழத்தை விட்டவ. கடைசியில காய்ஞ்ச இலையையும் விட்டிட்டா. இலையும் சாப்பிடாதவ எண்டதுதான் அபர்ணா."

மாமாவின் கண் அடுப்புக்குப் போனது. சட்டியில் மரவள்ளி இலை வெந்துகொண்டிருந்தது.

"நாமெல்லாம் எலையத் தின்னுதான் உசுரோட இருக்கோம். இவளுக்கு அதுவும் வேணாமா?"

"அவ பங்கையும் நீதானே திம்ப," என்று சிரித்த அத்தை சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "வேணாம் தம்பி. பச்சப் புள்ள காதுல பட்டினியச் சொல்லாத."

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. மருந்து தருகிற வீட்டைப் பகைத்துக்கொண்டால் நாளைக்கு யார் கதவைத் தட்டுவது? "பரவால்ல, அந்தம்மா சொன்ன பேரையே..." என்று இழுத்தார்.

அம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அன்னபூரணின்னு சொல்லு, தம்பி. அதுவும் அம்பாள் பேருதான். சோறு நெறஞ்சவ. எம்புள்ளைக்கு அது போதும்."

மாமா மூன்று தரம் சொன்னார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை சுட்ட ரொட்டியை அம்மா ஆளுக்கொன்றாக வைத்தாள். நான் உடனே தின்று முடித்தேன்.

"நீங்கள் சாப்பிடேல்லையோ?" என்று அந்தம்மா அம்மாவைக் கேட்டார்.

"நான் அப்பவே சாப்புட்டேங்கம்மா."

அந்தம்மா எழுந்து அடுப்படியை எட்டிப் பார்த்தார். தன் ரொட்டியைப் பிய்க்காமல் அப்படியே அம்மாவின் கையில் வைத்தார். எங்கள் வீட்டு ரொட்டி அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"பேரை மாத்தினது சரிதான்," என்றார். "மற்றப் பேருக்கு இந்த வீட்டில ஏற்கெனவே ஆள் இருக்கு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பேரில் எங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

அன்று சுட்ட ரொட்டி ஐந்து.