பதினெட்டில் ஒன்பது

வேகமாகச் சுழலும் கம்ப்ரசரில் எல்லா மரியாதையும் நடுவில் சுற்றும் சக்கரமான இம்பெல்லருக்குத்தான். அது விசிறியடிக்கும் காற்றைச் சுற்றி நின்று வாங்கி, வேகத்தைக் குறைத்து அழுத்தமாக மாற்றுகிற டிஃப்யூசரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஐந்து வருடம் நான் அதைத்தான் கட்டிக்கொண்டு அழுதேன், என் பிஎச்.டி.க்காக.

நான் வரைந்த டிஃப்யூசர் ஒரு வட்டத் தட்டு, அதில் பதினெட்டுத் தகடுகள். பரவையில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஒரே அலுமினியக் கட்டியில் கடைந்து கொடுத்தார். முகம் பார்க்கலாம், அவ்வளவு மினுமினுப்பு. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கம்ப்ரசரில் பொருத்தி ஓட்டினோம். அழுத்தம் நன்றாக ஏறியது. ஆனால் காற்றின் அளவைக் கொஞ்சம் குறைத்தாலே போதும், காற்று பின்னால் திரும்பி, இயந்திரமே தடதடவென்று அதிர்ந்தது. ஆலைகளில் காற்றுத் தேவை நாளெல்லாம் ஏறி இறங்கும். இப்படி அடம்பிடிப்பதை யார் வைத்து மாரடிப்பார்கள்?

ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான். காற்று குறைந்தால் அது வரும் கோணம் மாறும். நான் தகடுகளை நெருக்கி வைத்து வழியை இறுக்கிவிட்டேன். ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்தாக வேண்டும். கையில் இருந்தது அந்த ஒரே தட்டு, ஆய்வறிக்கைக்கு ஒரு மாதம். கணக்கு தப்பினால் ஐந்து வருடமும் குப்பை.

"ஒம்பது தகட்ட வெட்டி எடுக்கணும்ண்ணே" என்றேன்.

அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. "இம்புட்டுப் பாடுபட்டுச் செஞ்சத நானே வெட்டவா? வெட்டுனா ஒட்ட முடியாது தங்கச்சி. நல்லா ரோசன பண்ணிட்டு வா."

"பண்ணிட்டுத்தாண்ணே வந்திருக்கேன்."

அண்ணன் தட்டை மெஷினில் பூட்டினார். ஒவ்வொரு தகடும் சுருள் சுருளாய் உதிரும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நகரவில்லை.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் மறுபடி ஓட்டி, காற்றைக் குறைக்கும் வால்வை மெல்ல மூடினேன். முன்பு அதிர்ந்த இடத்தைத் தாண்டியும் அழுத்தமானியின் முள் ஆடவில்லை. இன்னும் மூடினேன், ஆடவில்லை. உச்ச அழுத்தம் ஒரு துளி குறைந்தது, அவ்வளவுதான். கர்வமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் தட்டை விரலால் தடவிப் பார்த்து, "முதலிலேயே ஒன்பதாகத்தான் வடிவமைத்தீர்களா?" என்று கேட்டார். தலையாட்டியிருந்தால் முடிந்தது.

"இல்லை சார், பதினெட்டு. அதில் பாதித் தகடுகள் என் தவறு, வெட்டிவிட்டேன்" என்றேன்.

அவர் மறுபடியும் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நேராகப் பட்டறைக்குப் போய் பட்டம் கிடைத்ததைச் சொன்னேன். அண்ணன் கேட்டது ஒன்றுதான்.

"தடவிப் பாத்தாருல்ல, வெட்டுன எடம் தட்டுப்பட்டுச்சா?"

"இல்லண்ணே."

"பின்ன?" என்று சொல்லிவிட்டு மெஷினைப் போட்டார்.