ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டேன்

வதனியின் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டியது நான்தான். மறதியில் அல்ல, தெரிந்தே வெட்டினேன்!

நீங்கள் என்னை ஹென்டர்சன் மண்டபத்தில் பார்த்திருக்கலாம். புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் நான். போர் துரத்திய எங்கள் ஊர்ச் சனங்களில் பலர் முப்பது வருடங்களாகச் சொந்த நாட்டிலேயே முகாம் கொட்டில்களில் அகதிகள். அவர்களுக்குக் கூரைத் தகரம் வாங்கிக் கொடுக்கத் தீர்மானித்தோம். பெயர் சேர்க்கும் பொறுப்பு என்னுடையது.

வதனி முகாமிலிருந்து அழைத்தாள். கணவன் இல்லை, இரண்டு பிள்ளைகள். எல்லாம் எழுதிக்கொண்டேன். அதோடு விட்டேனா? வாய் சும்மா இருக்கவில்லை.

"ஊரில எந்தப் பக்கம், பிள்ளை?"

"குளத்துக்கு அங்கால, அக்கா" என்றாள்.

நான் கேட்டது இடத்தை அல்ல, சாதியை. எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்போம்; குளத்துக்கு அங்கால என்றால் ஒதுக்கி வைத்த சாதி. அவளுக்கும் அது தெரியும்...

"பாத்துச் சொல்லுறன்" என்று தொலைபேசியை வைத்தேன். பெயரை வெட்டினேன். சங்கத்தில் யாராவது முகம் சுளிப்பார்கள் என்று பயந்தேனா? அல்லது சுளித்த முகம் என்னுடையதேதானா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கூட்டத்தில் தலைவர் கேட்டார். "எங்கட சனம் ஒருத்தரும் விடுபடேல்லைத்தானே? எந்தப் பக்கமெண்டாலும் சேருங்கோ."

"ஓம், எல்லாரும் இருக்கினம்" என்றேன். கைதட்டினார்கள்!

அதே வாரம் இங்கே தகனினி என்ற புறநகரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். "உண்மையில் நீங்கள் எந்த நாடு?" என்று வீட்டு முகவர் கேட்டதற்கு நாள் முழுக்கக் கொதித்தேன். வெட்கம் கெட்டவள் நான்!

தகரம் போய்ச் சேர்ந்துவிட்டது. பக்கத்துக் கொட்டில்களில் ஏறியும்விட்டது. இன்று காலை, வெஸ்ட்கேட் கடைக்கு வெளியே காரில் இருக்கும்போது, வதனியின் குரல் செய்தி வந்தது. பின்னால் ஏதோ பாத்திரத்தில் நீர் சொட்டும் சத்தம்.

"அக்கா, மழை துவங்கிட்டுது. குளத்துக்கு இங்கால எண்டு எழுதினாலும் எனக்குப் பரவாயில்லை, அக்கா..."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறது. பெயரைச் சேர்க்கலாம். முதலில் ஏன் விடுபட்டது என்று கேட்பார்களே! என்ன சொல்வேன்?

முன்பின் தெரியாத உங்களுக்கு இவ்வளவும் எழுதிவிட்டேன். அவளுக்கு இன்னும் ஒரு வரி எழுதவில்லை.