மொகம் பாக்கறவங்க பாத்துக்கங்க

எங்க அம்மாவுக்கு கடைசி வரைக்கும் வீடியோ கால் பேசத் தெரியல. போன கையில குடுத்தா நேரா காதுல வெச்சுக்கும். "மொகத்த காட்டும்மா, அவன் உன்ன பாக்கணுமாம்"னு நான் கத்துவேன். "காதுல வெக்காம எப்பிடிடீ கேக்கறது?"ன்னு என்னையே திட்டும். வெளிநாட்டு வேலைக்குப் போன என் தம்பி, நாலு வருஷமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பாத்தது அம்மாவோட காதும் அதுல தொங்குன கம்மலுந்தான். "இன்னாக்கா, அம்மா காது இளைச்சுப் போச்சு"ன்னு கிண்டல் பண்ணுவான்.

எங்க ஊரு குருவிநத்தம், பாகூர் பக்கம். ஆத்தத் தாண்டுனா கடலூர் மாவட்டம். எங்க வூட்டுக்குள்ள டவர் ஒரு கோடு காட்டும், அதுவும் அதுக்கா மனசு வந்தா. மாடிப்படியில எட்டாவது படியில நின்னா ரெண்டு கோடு. ஆத்துக்கரை மேல ஏறிட்டா நாலு கோடும் நிக்கும், ஆனா அது அக்கரை டவரு. எத்தனையோ பேர் எழுதிப் போட்டாச்சு. செவிடன் காதுல ஊதுன சங்குதான்.

தம்பி போறப்ப அவனோட இந்த ஊரு சிம்ம என் போன்ல ரெண்டாவது சிம்மா போட்டுட்டுப் போனான். எங்க பக்கம் வெளிநாடு போறவங்க நெறைய பேரு இப்பிடித்தான், சிம்ம அக்காகிட்டயோ பொண்டாட்டிகிட்டயோ வுட்டுட்டுப் போவாங்க. பேங்க்ல இருந்து ஓடிபி வந்தா நான் பாத்து அனுப்பணும். இது ஒரு வேலையான்னு அப்ப சிரிச்சேன்.

அம்மா ஒரு வெள்ளிக்கிழமை விடியறப்ப எழுந்திருக்கல. அவ்ளோதான். ஒரு நாள் காய்ச்சல்னு படுத்தது கூட இல்ல.

எட்டாவது படியில நின்னு தம்பிக்குச் சொன்னேன். "அக்கா, நான் வரேன். மொகத்த பாக்காம எடுத்துடாதீங்கக்கா"ன்னான்.

பெரியப்பாகிட்ட சொன்னேன். அவரு தலைய சொறிஞ்சாரு. "இன்னிக்கு வெள்ளி. நாளைக்கு எடுத்தா சனிப்பொணம், தனியா போவாதும்பாங்க. ஆனா பெத்த புள்ள வரேங்கறான். டிக்கெட் போட்டுட்டான்னா பாடையில ஒரு கோழிய கட்டி நாளைக்கே எடுத்துக்கலாம். போடலைன்னா இன்னிக்கே. மதியம் ஒரு மணிக்குள்ள எனக்குச் சொல்லிடும்மா."

அங்க அன்னிக்கு வார லீவு. அவன் சூப்பர்வைசர புடிச்சு லீவு வாங்கவே பதினோரு மணி ஆயிடுச்சு. போன்ல பிரவுசர தொறந்து பாத்தா, ராத்திரி பிளைட்டுல ஒரே ஒரு சீட்டு இருக்குதாம். பணம் இருக்கு, கார்டு இருக்கு. பேங்க் ஓடிபி மட்டும் என் போனுக்கு வரணும். வந்த மூணு நிமிஷத்துல அவன் போடலைன்னா பேஜ் போயிடும்.

மொதல் தடவ ஓடிபி வந்தப்ப நான் அம்மா தலைமாட்டுல ஒக்காந்திருந்தேன். வாட்ஸ்அப்புல அனுப்புனா ஒரே டிக்கோட நின்னுக்கினு இருக்குது. படிக்கு ஓடுனேன். ரெண்டு டிக் விழறதுக்குள்ள அவன் பேஜ் செத்துப் போச்சு. ரெண்டாவது தடவ நான் படியிலயே நின்னேன், ஓடிபி வரல. அவன் திருப்பி ஒருவாட்டி கேட்டும் வரல. கீழ எறங்குனதும் ரெண்டா வருது, பழசும் புதுசும். எதுன்னு தெரியாம மேல இருந்தத அனுப்பித் தொலச்சேன். அது பழசு.

மூணாவது தடவதான் என்னால இன்னிக்கும் தாங்க முடியல. போன இடுப்புல செருகிக்கினு வாசலுக்கு வரேன், அரியாங்குப்பத்துல இருந்து அத்தைங்க வேன்ல வந்து எறங்குறாங்க. பொண்ணு நான். வர்றவங்க என்ன கட்டிப் புடிச்சு அழுவாங்க, நானும் கூட அழணும். அதுதான் மொறை. பெரிய அத்தை என் கழுத்த வளைச்சுப் புடிச்சு, "எங்கள வுட்டுட்டுப் போயிட்டாளேடீ"ன்னு ஒப்பாரி வெக்குது. இடுப்புல போன் ரெண்டு தடவ அதிருது. ஓடிபி வந்திருச்சு. "அத்தை, ஒரு நிமிஷம்"னு சொல்ல வாய் வருதா? தள்ளிவுட கை வருதா? அது வுட்டா இன்னொன்னு புடிக்குது. நாலு அத்தைங்க. அவங்க அழுவுறாங்க, நான் உள்ளுக்குள்ள நிமிஷத்த எண்ணுறேன். போன வேற யார்கிட்டயாவது குடுத்திருக்கலாமேன்னு இப்ப எல்லாரும் கேக்கறாங்க. அந்த புத்தி அன்னிக்கு எங்க மேயப் போச்சோ!

அத்தைங்க கை வுட்டதும் படிக்கு ஓடிப் போயி தம்பிய கூப்புட்டேன். "மூணு தடவ ஆயிடுச்சுக்கா. பேங்க்காரன் கார்ட நிறுத்திட்டான், நாளைக்குத்தான் தொறக்குமாம்"னான். ரூம்ல கூட இருக்கறவரு கார்ட வாங்கி அதுலயும் போட்டுப் பாத்திருக்கான். அதுக்குள்ள சீட்டு போயிடுச்சு.

பெரியப்பா என் மூஞ்சிய பாத்தே தெரிஞ்சுக்கினாரு. "நாலு மணிக்கு எடுத்துடலாம்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. கோழிக்குப் போனவன திரும்பக் கூப்புட்டாங்க.

"போட்டோ அனுப்புறேண்டா"ன்னேன். "போட்டோ எப்ப வேணா பாப்பேன். அம்மா வூட்ட வுட்டுப் போறப்ப நான் கூட இருக்கணும். வீடியோல போடுக்கா"ன்னான். போட்டேன். பந்தல்ல நூறு பேரு, நூறு போனு, இருக்கற ஒரு கோட்டையும் பிச்சித் தின்னுதுங்க. அம்மா மொகத்துக்கு நேரா போன புடிச்சா வட்டம் சுத்துது. படிக்கு ஓடுனா அவன் தெரியறான், கண்ணு செவந்து ஒக்காந்திருக்கான். டவர் இருக்கற எடத்துல அம்மா இல்ல. அம்மா இருக்கற எடத்துல டவர் இல்ல. அந்த பாழாப்போன போன செவுத்துல அடிச்சிடலாம்னு இருந்துச்சு.

அப்பதான் தோணுச்சு, எங்க சுடுகாடு ஆத்துக்கரையில. அங்க நாலு கோடு! ஆனா நாங்க பொம்பளைங்க தெருமுனை வரைக்குந்தான் போவலாம். அதனால போன எங்க வூட்டுக்காரர்கிட்ட குடுத்தேன். அவரு கழனி வேலைக்காரரு, பச்சை பட்டன் செவப்பு பட்டன் தவுர ஒண்ணும் தெரியாது. நானே கால் போட்டு, கேமராவ திருப்பி வெச்சு, கையில குடுத்தேன். "இத இப்பிடியே அம்மாவுக்கு நேரா புடிங்க, ஒண்ணும் அமுக்காதீங்க"ன்னேன். "சரி சரி, எனக்குத் தெரியாதா"ன்னாரு. தெருமுனையில நின்னு பாத்தேன். பாடைக்குப் பக்கத்துல போன ஒசத்திப் புடிச்சிக்கினு நடந்து போறாரு.

பொழுது சாய திரும்பி வந்தாரு. குளிச்ச ஈரத்தோட நின்னு சொன்னாரு: "வழியில ஒருவாட்டி கட்டாச்சு. கரையில அவனே கூப்புட்டான், பச்சை பட்டன அமுக்குனேன், பளிச்சுன்னு வந்துட்டான். வெட்டியான் 'மொகம் பாக்கறவங்க பாத்துக்கங்க'ன்னு கொரல் குடுத்தப்ப கிட்ட போயி புடிச்சேன். பாத்துட்டான்." நானும் தம்பிய கூப்புட்டுக் கேட்டேன். "பாத்தேங்கா. நல்லா பாத்தேன்"னான். எனக்கு உசிரு வந்துச்சு. அன்னிக்கு முழுக்க நடந்ததுல அது ஒண்ணாவது ஒழுங்கா நடந்துச்சேன்னு ஒரு வருஷம் அதையே சொல்லிக்கினு திரிஞ்சேன்.

வருஷ தெவசத்துக்கு தம்பி வந்தான். வந்த அன்னிக்கு அவன் போன்ல இருந்த பழைய போட்டோங்கள நான் தள்ளித் தள்ளிப் பாத்துக்கினு இருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை தேதி வந்துச்சு. ஸ்கிரீன்ஷாட்டு, ஏழெட்டு இருக்கும். எல்லாத்துலயும் எங்க வூட்டுக்காரரு மொகம். வாய் தொறந்து அழுவுறாரு. பின்னால வானம், ஒரு தென்னை மட்டை. ஒண்ணுல கூட அம்மா இல்ல.

புது கால் வந்தா முன் கேமராதான் தொறக்கும். அத நான் அவருக்குச் சொல்லித் தரல. திருப்பி வெச்சுக் குடுத்தேன், கட்டானா இன்னா பண்றதுன்னு சொல்லல.

"ஏண்டா எங்கிட்ட பொய் சொன்ன?"ன்னேன். தம்பி போன வாங்கி கவுத்து வெச்சான். "மாமா திருப்புங்க, திருப்புங்கன்னு கத்துனேங்கா. ஒரே மேளச் சத்தம். அவருக்குக் கேக்கல. அவரு அழுவறத பாத்துட்டு அப்புறம் கத்தறதையும் வுட்டுட்டேன்."

மறுநாள் படையல் முடிஞ்சு பந்தி நடந்துச்சு. எங்க வூட்டுக்காரரு சாம்பார் வாளியோட நின்னு அத்தைங்ககிட்ட சொல்லிக்கினு இருந்தாரு: "இவன் வர முடியாம போச்சு. ஆனா கடைசி மொகத்த நான் காட்டிட்டேன். கேளுங்க அவன."

எல்லாரும் தம்பிய பாத்தாங்க. எலையில இருந்து தலைய தூக்கினான்.

"ஆமா மாமா. நல்லா தெரிஞ்சுது"ன்னான்.