பெரியப்பா தோற்ற ஆட்டம்

அன்னவாசல் கடைவீதியில் இன்றைக்கு எனக்கு மூன்று கடைகள். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனால் எதிரே நிற்பவன் மனசில் என்ன கணக்கு ஓடுகிறதென்று நொடியில் சொல்லிவிடுவேன். எல்லாம் சீட்டாட்டத்தில் வந்த பழக்கம்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா புளி உலுக்க ஏறி, கிளை முறிந்து விழுந்ததில் தலையில் அடி. புதுக்கோட்டை டாக்டர், "மறதி கூடுதான்னு பாத்துக்கிட்டே இருங்க. மூளைக்கு வேலை வைக்கிற மாதிரி எதையாவது வெளையாடச் சொல்லுங்க" என்றார். அதனால் மத்தியானமானால் எங்கள் வீட்டில் 'முந்நூற்று நாலு' என்கிற சீட்டாட்டம். அப்பாவும் நானும் ஒரு கட்சி. பெரியப்பாவும் அத்தையும் எதிர்க்கட்சி. அம்மாவுக்குச் சீட்டு தெரியாது. ஆனால் அப்பா ஜெயித்தால்தான் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கும்.

எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஒரு ஆட்டத்தில் துருப்புச் சீட்டை முதலிலேயே உருவினால் ஜெயிப்போம். அடுத்ததில் அதையே செய்து மாட்டிக்கொள்வோம். பதுக்கிய பெரிய சீட்டு ஒருநாள் அந்தச் சுற்றின் பிடியை நமக்குக் கொண்டுவரும், மறுநாள் வெட்டுப்படும். இப்படி விதவிதமாக அடிபட்டதில், ஒரு சீட்டு விழும்போதே அது என்ன வித்தையென்று பிடிபட்டுவிட்டது. ஒன்பது வயதில்!

அந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரிது, அதற்கடுத்தது ஒன்பது. ஒருநாள், ஆளுக்கு இரண்டு சீட்டு மிச்சமிருக்கையில், அப்பா ஆர்ட்டின், அதாவது சிவப்பு இதயம் போட்ட சீட்டில், ஒன்பதை இறக்கினார். ஆர்ட்டின் ஜாக்கி இன்னும் வெளியே வரவில்லை.

"ஜாக்கி வரலையேப்பா, பாத்துப் போடு" என்றார் பெரியப்பா.

"அது அப்பவே போயிருச்சுண்ணே."

அப்பா மிரட்டிப் பார்க்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அடுப்படி வாசலில் அம்மா வந்து நின்றாள். பெரியப்பா தன் சீட்டையே வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆர்ட்டின் ஏழைப் போட்டார். பிடி எங்களுக்கு. கடைசிச் சீட்டைத் திறக்காமலே கட்டுக்குள் சொருகினார்.

"அதுவும் ஒங்களுக்குத்தான். ஒன்னய ஜெயிக்க முடியுமாப்பா?"

அடுத்த ஆட்டத்துக்குக் கலைக்கச் சீட்டுக்கட்டை எடுத்தேன். அவர் சொருகியது ஆர்ட்டின் ஜாக்கி!

"ஜாக்கிய வச்சுக்கிட்டு ஏழப் போட்டிருக்காரு! அப்பா மெரட்டுனதுல பயந்துட்டாரு!" என்று குதித்தேன். அப்பாவும் சிரித்தார்.

"ஏண்ணே, ஒனக்குக் கண்ணு..." என்று ஆரம்பித்த அத்தை, பெரியப்பா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"ஆமாடா, பயந்துதான் போயிட்டேன்" என்றார் பெரியப்பா.

அம்மா தெம்பாக உள்ளே போனாள். பெரியப்பா கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாக இறைத்து முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தார். என்னை மாதிரி ஒரு சின்னப் பயலிடம் தோற்றதற்கு இவ்வளவு வெட்கமா என்று நினைத்துக்கொண்டு நான் சீட்டைக் கலைத்தேன்.