சவம் என்று கூப்பிட்டேன்

அரையாண்டு விடுமுறைக்கு மகளைப் பத்து நாள் என்னிடம் அனுப்பச் சொல்லி மனுப் போட்டிருந்தேன். அவளுக்கு ஏழு வயது. நானும் அவள் அம்மாவும் பிரிந்தபின் தச்சநல்லூரில் அம்மாவோடு இருக்கிறாள். அப்பனும் மகளும் எப்படிப் பழகுகிறோம் என்று பார்த்து எழுத, கோர்ட்டில் ஒரு கவுன்சிலர் அம்மாவை நியமித்தார்கள். நல்ல மனுஷிதான், ஆனால் வெளியூர்க்காரர்.

என்னைக் கண்டதும் மகள் கோர்ட் வராண்டாவில் ஓடி வந்தாள். அப்போதுதான் துடைத்த தரை. "ஏ சவமே, பைய வாட்டி!" என்று கத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். கவுன்சிலர் அம்மா குனிந்து ஏதோ எழுதினார்.

எங்கள் பக்கத்தில் பஸ் போய்விட்டாலும் சவம், பால் பொங்கி வழிந்தாலும் சவம், பிள்ளைமேல் ஆசை பொங்கினாலும் சவம்தான். அறிக்கையில், "தந்தை குழந்தையைப் பிணம் என்று அழைக்கிறார்" என்று இருந்தது. வக்கீல் வாசித்தபோது சிரித்துத் தொலைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

"அது செல்லமாச் சொல்லுததுய்யா. எங்க ஊர்ல எல்லாரும் சொல்லுவாவ" என்று நீதிபதியிடம் கெஞ்சினேன். அவர் மகளின் அம்மாவைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றார்.

கல்யாணமான புதிதில், நாளைக்கு நாற்பது தரம் "சவத்த விடுங்க" என்று சொன்னவள் அவள். தலையைக் குனிந்துகொண்டு, "எங்க வீட்ல யாரும் அப்படிப் பேச மாட்டாவய்யா" என்றாள். பச்சைப் பொய். அவளை அந்த இடத்திலேயே அறைய வேண்டும்போல இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மனு தள்ளுபடி. மாதம் ஒரு சனிக்கிழமை, கோர்ட்டின் குழந்தைகள் அறையில், கவுன்சிலர் முன்னால் ஒரு மணி நேரம் பார்க்கலாம். தகாத சொல் பேசக் கூடாது.

"அண்ணாச்சி, பாத்துப் பேசுங்க. எல்லாத்தையும் எழுதுவாவ" என்றார் வக்கீல்.

முதல் சனிக்கிழமை எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போனேன். மகள் எதிரே வந்து உட்கார்ந்தாள். பேச நினைத்த ஒவ்வொன்றையும் வாய்க்குள் புரட்டிப் பார்த்தேன். எந்தச் சொல்லை எப்படி எழுதுவார்களோ என்று பயம். பொம்மை ரயிலை அவள் பக்கம் தள்ளினேன், அவள் திருப்பித் தள்ளினாள். கொஞ்ச நேரம் கழித்து, "எம்மேல கோவமாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். ரயிலை மறுபடியும் அவள் பக்கம் தள்ளினேன்.

அந்த மாத அறிக்கையும் வந்தது. "குழந்தையுடன் பேசுவதில் தந்தைக்கு ஆர்வம் இல்லை. சந்திப்பு நேரத்தைக் குறைக்கலாம்."